எல்லை தாண்டாத டப்பா

பெட்டியக்காவுக்கு எச்சில் துப்புகிற ஆட்களைக் கண்டால் ஆகாது. பஸ் ஓட்டும் வீட்டுக்காரர் ஜன்னல் வழியே தெருவில் துப்பினார் என்று காதில் விழுந்தால் போதும், அன்றைக்கு வீட்டில் அவருக்கு மண்டகப்படிதான். "வாய் இருக்கறது பேசறதுக்கும் திங்கறதுக்கும். ஊர் மேல கொட்டறதுக்கு இல்ல" என்பாள். அப்பேர்ப்பட்டவள் கடைசியில் என்ன செய்தாள் என்று சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதைப் பெட்டியிலிருந்து தொடங்கினால்தான் புரியும்.

அவள் வேலை பார்த்தது ஒரு பேரிங் கம்பெனியில், பேக்கிங் பிரிவில். வெளிநாடு போகும் மரப்பெட்டிகளுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. அதனால் மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் பெட்டியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பள நாளில் யாராவது வாசித்தால்தான் உண்டு.

பேரிங் என்பது பெரிய மாயமில்லை. இரண்டு எஃகு வளையம், நடுவில் உருளும் குண்டுகள், அவ்வளவுதான். ஆனால் உலகத்தில் எது சுழன்றாலும் அதன் வயிற்றுக்குள் இது ஒன்று இருக்கும். மின்விசிறியிலும் இருக்கும், லாரிச் சக்கரத்திலும் இருக்கும், பீரங்கியை இழுத்துக்கொண்டு போகிற வண்டியிலும் இருக்கும். பார்க்க எஃகாக இருந்தாலும் அது ரொம்பத் தொட்டாற்சுருங்கி. வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பு ஒட்டிக்கொள்ளும். பிறகு அதை எண்ணெயில் குளிப்பாட்டினாலும் பிரயோசனமில்லை. போய்ச் சேருகிற ஊரில் பிரித்துப் பார்க்கும்போது விரல் பட்ட இடத்தில் பழுப்பு மையால் ரேகை வைத்த மாதிரி துரு பூத்திருக்கும். அதனால் முதலில் கையுறை, பிறகு எண்ணெய், பிறகு மெழுகுத் தாள், அட்டைப்பெட்டி, கடைசியில் தடுப்பு வைத்த மரப்பெட்டி. புதிதாகச் சேரும் பெண்களுக்குப் பெட்டியக்கா சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் ஒன்றுதான்: "ஒரு விரல் பட்டா ஒரு பேரிங் போச்சு."

சண்டை வந்தது. சண்டையோடு சட்டமும் வந்தது. எதிரி நாட்டுக்கு எதையும் விற்கக் கூடாது, கொடுக்கக் கூடாது, அங்கிருந்து எதையும் வாங்கக் கூடாது. மூன்றாவது நாட்டின் வழியாகச் சுற்றி அனுப்பினாலும் அது குற்றமே. சுவருக்குச் சுவர் விளம்பரம் ஒட்டினார்கள். நீ அனுப்பும் ஊசி எதிரியின் தோட்டா என்று எழுதி, ஒரு ஊசி தோட்டாவாக மாறுவதைப் படமும் போட்டிருந்தார்கள். பெட்டியக்கா குடியிருந்த தெருவில் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர் ஒருவர் இருந்தார். யாருடைய பழைய கடிகாரத்துக்கோ ஸ்பிரிங் வேண்டும் என்று எல்லைக்கு அந்தப் பக்கத்தில் தனக்குத் தெரிந்த பட்டறைக்கு ஒரு நண்பர் மூலம் கேட்டு எழுதிவிட்டார். ஒரே ஒரு ஸ்பிரிங். அது வந்துகூடச் சேரவில்லை. எதிரியோடு வியாபாரம் என்று மனுஷனைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். அவர் மனைவி பிழைப்புக்கு வழியில்லாமல் இதே பேக்கிங் பிரிவுக்கு வந்து சேர்ந்தாள். முதல் நாள் அவளுக்குக் கையுறை மாட்டிவிட்டது பெட்டியக்காதான்.

இனி தங்கச்சி விஷயம். பெட்டியக்காவுக்கு ஒரே தங்கச்சி. சண்டைக்கு முன்பே அந்தப் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு ஒன்றுதான், முகம் ஒன்றுதான், கோடு போட்டவனுக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும். தங்கச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. தூக்கத்தில் வந்தால் தெரிய வேண்டும் என்று அக்காக்காரி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேதான் தூங்குவாள். அப்புறம் ஒரு நல்ல மாத்திரை கிடைத்தது. தினமும் அதைப் போட்டுக்கொண்டால் மற்றவர்களைப் போல ஓடியாடலாம். விட்டால் விழுந்துவிடுவாள். அந்த மாத்திரையை நம்பித்தான் அவளுக்குக் கல்யாணமே செய்தார்கள்.

சண்டைக்குப் பிறகு ஒரே ஒரு தகவல், யார் யார் கையோ மாறி வந்தது. "இங்க மாத்திரை கிடைக்கலக்கா. இருக்கறத உடைச்சு உடைச்சுப் போட்டுக்கறேன். போன வாரம் அடுப்படியில விழுந்துட்டேன். கை மட்டும்தான் வெந்துச்சு, பயப்படாத." பயப்படாதே என்று எழுதியிருந்த இடத்தில்தான் பெட்டியக்காவுக்கு உயிரே போயிற்று.

மாத்திரையை வாங்கிக்கொண்டு பார்சல் ஆபீசுக்கு ஓடினாள். கவுண்டரில் இருந்தவர் முகவரியைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். பொட்டலத்தில் பாம்பு இருந்தால்கூட அவ்வளவு வேகமாக எடுத்திருக்க மாட்டார்.

"இது போகாதும்மா. எதிரிக்கு உதவற பொருள்."

"வலிப்பு மாத்திரைங்க. என் தங்கச்சிக்கு."

"எதிரி நாட்டுல இருக்கற தங்கச்சி."

அவள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இதற்கிடையில் கம்பெனியில் வேலை மட்டும் குறையவில்லை, கூடிக்கொண்டே போனது. வாரா வாரம் லாரி லாரியாகப் பெட்டிகள் கிளம்பின. எல்லாம் சண்டையில் சேராத ஒரு சின்ன நாட்டின் துறைமுகத்துக்கு. அந்த நாட்டில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு தொழிற்சாலை கிடையாது. இத்தனை பேரிங்கை வாங்கி அந்த ஊர்க்காரர்கள் என்னதான் செய்கிறார்கள், கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்களா என்று பேக்கிங் பெண்கள் சிரித்துக்கொள்வார்கள். மேனேஜர் காதில் விழுந்தால், "நமக்கு எதுக்கு அந்தப் பேச்சு" என்பார். அவருக்கு ஆமாங்கய்யா என்று பெயர். முதலாளி தும்மினால்கூட ஆமாங்கய்யா என்று சொல்லிவிடுவார்.

சண்டையில் மரத்துக்குத் தட்டுப்பாடு. அதனால் போன பெட்டிகள் காலியாகத் திரும்பி வர வேண்டும், அவற்றிலேயே மறுபடியும் அடுக்க வேண்டும் என்று ஓர் உத்தரவு. அப்படித் திரும்பி வந்த பெட்டிகளில், தடுப்புகள் ஆடாமல் இருக்கப் பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருப்பார்கள். தாளுக்கும் தட்டுப்பாடுதானே. பெட்டியக்கா அதை நீவி எடுத்து வைப்பாள். அப்படி ஒரு நாள் நீவும்போதுதான் படித்தாள். குழாயில் தண்ணீர் வரும் நேரம் பற்றி நகராட்சி அறிவிப்பு. எந்த ஊர் நகராட்சி? தங்கச்சி குடியிருக்கும் ஊர்.

சரி, பேப்பர்தானே, காற்றில் பறந்துகூட வந்திருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்தினாள். அடுத்த முறை வந்த பெட்டியில் ஒரு கையுறை கிடந்தது. எண்ணெய் ஊறிய, இவர்கள் போடுவது மாதிரியே ஒரு கையுறை. மணிக்கட்டில் ஒரு தொழிற்சாலையின் பெயர் அச்சடித்திருந்தது. அந்தத் தொழிற்சாலையை அவளுக்குத் தெரியும். தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தபோது அதன் சங்கு ஊதும் சத்தம் அடுப்படி வரை கேட்டது. அப்போது அங்கே ரயில் எஞ்சின் செய்தார்கள். இப்போது என்ன செய்வார்கள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

பெட்டியக்கா கையுறையைப் பெட்டிக்குள்ளேயே போட்டாள். கொழுந்தன் போர்முனையில் இருக்கிறான். அவனுக்கு எதிரே வருகிற வண்டிக்கு எண்ணெய் தடவி, மெழுகுத் தாளில் சுற்றி, குழந்தையைப் படுக்க வைப்பது மாதிரி பெட்டியில் படுக்க வைத்து அனுப்புவது யார்? இவள்தான்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"நீ எதையும் பாக்கல. புரியுதா?"

"உங்க தம்பிதாங்க அங்க இருக்கறது."

"அதனாலதான் சொல்றேன். பெரிய இடம். முத்திரை வைக்க வர்ற அதிகாரிக்குத் தெரியாமலா போகுதுன்னு நினைக்கற? பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். நம்ம வாயத் தொறந்தா நம்மளத்தான் உள்ள வைப்பான்."

அவர் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் பெட்டியக்கா வாயை மூடிக்கொண்டது பயத்தினால் அல்ல. கை கழுவும்போது அவளுக்கு வேறொரு யோசனை வந்தது. பெட்டி நேராக அந்த ஊருக்குப் போகிறது. தங்கச்சி வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்துக்குப் போகிறது. ஊரைக் கூட்டிச் சொன்னால் பெட்டி நின்றுவிடும். சொல்லாவிட்டால் மாத்திரை போகும். அந்த யோசனை வந்ததற்காகத் தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இருந்தும் அதைத்தான் செய்தாள்.

ஒரு சின்னத் தகர டப்பாவில் மாத்திரைகளைப் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினாள். மேலே தங்கச்சியின் முகவரி. முகவரிக்குக் கீழே நாலு வரி: "பெட்டி பிரிக்கும் அக்காவோ அண்ணனோ, யாராக இருந்தாலும் சரி. நானும் உங்களைப் போலப் பெட்டி வேலை செய்கிறவள். இது வலிப்பு மாத்திரை. இதைத் தங்கச்சியிடம் சேர்த்துவிட்டால் உங்கள் குடும்பம் நன்றாக இருக்கும்." நகத்தால் கீறி ஒரு பெட்டிக்கு மூலையில் அடையாளம் வைத்தாள். அதில் தடுப்புக்கு அடியில் டப்பாவைச் செருகினாள்.

சோதனையைப் பற்றி அவளுக்குப் பயமே இல்லை. பல மாதமாகப் பார்க்கிறாளே. ஏற்றுமதிக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் வருவார். அரக்கு உருக்கி முத்திரை வைப்பது அவர் வேலை என்பதால் அவரை அரக்கு அதிகாரி என்பார்கள். நகக்கண்ணில் எப்போதும் சிவப்பு அரக்கு ஒட்டியிருக்கும். "எதைத் திறக்கலாம்?" என்று கேட்பார். ஆமாங்கய்யா ஒரு பெட்டியைக் காட்டுவார். அதைத் திறந்து, இரண்டு பேரிங்கைப் பார்த்துவிட்டு, மற்ற எல்லாவற்றுக்கும் முத்திரை வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். இதுதான் சோதனை. இதற்கு ஓர் அலுவலகம், அதற்கு ஒரு ஜீப்.

ஆனால் கெட்ட நேரம் போட்டோக்காரன் உருவத்தில் வந்தது. அது விழிப்புணர்வு வாரமாம். எதிரிக்கு ஓர் ஆணிகூடப் போகாமல் அதிகாரிகள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிறார்கள் என்று பத்திரிகையில் போட வேண்டுமாம். ஆமாங்கய்யா வழக்கம்போல ஒரு பெட்டியைக் காட்டினார். போட்டோக்காரன் உதட்டைப் பிதுக்கினான்.

"இங்க இருட்டா இருக்கு சார். அந்த ஜன்னல் பக்கத்துப் பெட்டியத் திறங்க. முகத்துல வெளிச்சம் விழும்."

முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும் என்று அதிகாரிக்கும் ஆசைதான். ஜன்னல் ஓரத்துப் பெட்டியைத் திறந்தார்கள். படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று அவர் தடுப்பைத் தூக்கிப் பிடித்தார். டப்பா வெளியே தெரிந்தது.

அவர் முகவரியைப் படித்தார். மறுபடியும் படித்தார். ஆமாங்கய்யா போட்டோக்காரன் தோளில் கை போட்டு, "வாங்க தம்பி, டீ சாப்பிடலாம்" என்று வெளியே கூட்டிப் போய்விட்டார். அந்தச் சமயோசிதத்துக்காகத்தான் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

முதலாளி அறையில் விசாரணை நடந்தது. சுவரில் முதலாளியின் தேசபக்தியைப் பாராட்டிக் கொடுத்த பத்திரம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. முதலாளி வறுத்த வேர்க்கடலையை உடைத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார். தோலை ஊதினால் அது மேஜையெல்லாம் பறந்தது. அதிகாரி குண்டூசியால் நகத்து அரக்கைச் சுரண்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"இது எதிரி நாட்டு அட்ரஸ். எதிரியோட கொடுக்கல் வாங்கல் வச்சிருந்தா என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"மாத்திரைங்க. தங்கச்சிக்கு."

"தங்கச்சியோ தாத்தாவோ, அங்க இருந்தா எதிரி."

அழுது காலில் விழலாம் என்றுதான் பெட்டியக்கா படியேறி வந்திருந்தாள். ஆனால் முதலாளி பல்லிடுக்கில் சிக்கிய கடலையை நாக்கால் துழாவிக்கொண்டு தன்னைப் பார்த்ததைப் பார்த்தாள். அழுகை எங்கே போனது என்று தெரியவில்லை.

"ஒரு சந்தேகங்க. இந்தப் பெட்டிங்க சண்டையில சேராத நாட்டுக்குத்தானே போகுது?"

"ஆமா, வேற எங்க?" என்றார் போட்டோக்காரனை விட்டுவிட்டுத் திரும்பி வந்திருந்த ஆமாங்கய்யா.

"அப்ப அதுல போட்ட டப்பா எதிரி ஊருக்கு எப்படிங்க போகும்?"

கடலை உடைபடும் சத்தம் நின்றது. இவளைக் குற்றவாளி என்றால் பெட்டி எதிரி ஊருக்குப் போகிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெட்டி அங்கே போகவில்லை என்றால் இவள் மேல் குற்றம் இல்லை. ஆமாங்கய்யா வாயைத் திறந்தார், யாருக்கு ஆமாம் போடுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். அவர் பிழைப்பில் அப்படி ஒரு நெருக்கடி வந்ததே இல்லை.

முதலாளிதான் முதலில் சிரித்தார். சும்மாவா முதலாளி ஆனார்?

"அக்கா வெவரமானவங்க. சார், விஷயம் இவ்வளவுதான். அந்த நாட்டுல யாரோ தெரிஞ்சவங்களுக்கு அனுப்பியிருக்காங்க. மனசு தங்கச்சி மேல இருந்துச்சா, கை பழக்கத்துல தங்கச்சி அட்ரஸ எழுதிடுச்சு. மனுஷங்கதானே."

"அப்படி இருந்தா குற்றம் வராது" என்றார் அதிகாரி. "பெட்டி எங்க போகுதுன்னு தெரியும், அட்ரஸ் தவறுதலா எழுதினதுன்னு எழுதிக் குடுத்துட்டா போதும்."

கடிகாரக்காரருக்கு இப்படிக் கை தவறி எழுதிவிட்டார் என்று ஒருவரும் சொல்லவில்லையே என்று பெட்டியக்கா நினைத்தாள். அந்த மனுஷனிடம் கொடுப்பதற்கு என்ன இருந்தது? அவர் ஸ்பிரிங் கேட்டவர். இவளிடம் வாய் இருந்தது, அது மூடியிருக்க வேண்டும். அதனால் இவளுக்கு மரியாதை.

"எழுதித் தர்றேங்க. ஆனா டப்பா அதே பெட்டியில போகணும்."

அதிகாரி சுவரில் தொங்கிய பத்திரத்தைப் பார்த்தார். முதலாளி ஒரு கைப்பிடி கடலையை அவர் பக்கம் தள்ளினார்.

"போகட்டுமே. நம்ம அக்காவோட டப்பா, நம்ம பெட்டியில போறதுக்கு என்ன."

கையெழுத்துப் போடக் கொடுத்த பேனா கடலை எண்ணெயில் பிசுபிசுத்தது. வாசித்துப் பார்த்துதான் போட்டாள். இந்தப் பெட்டிகள் சண்டையில் சேராத நாட்டைத் தவிர வேறெங்கும் போவதில்லை என்பதை அறிவேன் என்று இருந்தது. பேனாவைக் கொடுத்துவிட்டு விரலை ஏப்ரனில் துடைத்தாள். துடைத்தும் போகவில்லை.

அதிகாரி கீழே இறங்கி வந்து, தன் கையாலேயே டப்பாவைத் தடுப்புக்கு அடியில் வைத்தார். சுற்றிலும் தாளைத் திணித்து அழுத்தினார். "இப்ப ஆடாது" என்றார் கரிசனத்தோடு. அந்தக் கரிசனத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூட இவ்வளவு கசந்திருக்காது.

வீட்டுக்காரர் தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சந்தோஷப்பட்டார். தம்பியிடமிருந்து கடிதம் வந்திருப்பதாகச் சொல்லி வாசித்தும் காட்டினார். நன்றாக இருக்கிறேன், காலுறை இருந்தால் அனுப்புங்கள், எதிரி வண்டிகள் சேற்றில்கூடச் சத்தமே இல்லாமல் வருகின்றன, அதுதான் ராத்திரியில் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தான். பெட்டியக்கா எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். சோப்பு கரைகிற வரை கழுவினாள்.

ஆனாலும் நம்பிக்கை என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு வெட்கமே கிடையாது. யாரோ ஒரு பேக்கிங்காரி டப்பாவைக் கொண்டுபோய்க் கதவைத் தட்டுவது மாதிரியும், தங்கச்சி தண்ணீர் குடித்து மாத்திரையை விழுங்குவது மாதிரியும் வேலைக்கு நடுவில் நினைத்துக்கொள்வாள். அப்போது அவள் வலது கை, ஒரு மணிக்கட்டைப் பிடித்திருப்பது போல மடங்கிக்கொள்ளும்.

விழிப்புணர்வு வாரத்தில் சிறந்த நிறுவனம் என்று கம்பெனிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பத்திரிகையில் படமும் வந்தது. ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழ, அரக்கு அதிகாரி தடுப்பைத் தூக்கிப் பிடித்திருந்தார். தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தார்கள். பெட்டியக்கா அதைக் கடிகாரக்காரர் மனைவியிடம் கொடுத்துவிட்டாள்.

பெட்டிகள் திரும்பி வந்தன. மூலையில் நகக்கீறல் வைத்த பெட்டியைத் தேடி எடுத்து, அவளே மூடியைப் பெயர்த்தாள். தாளை விலக்கினாள். டப்பா இருந்தது.

தங்கச்சி பதில் அனுப்பியிருக்கிறாள் என்றுதான் நினைத்தாள். ஒரு நிமிஷம் அவள் முகம் கல்யாணப் பெண் முகம் மாதிரி ஆகிவிட்டது என்று பக்கத்தில் நின்றவர்கள் பிற்பாடு சொன்னார்கள். டப்பாவைக் கையில் எடுத்ததும்தான் உள்ளே மாத்திரை உருளும் சத்தம் கேட்டது. அவள் ஒட்டிய டேப் ஒட்டியபடி இருந்தது. தங்கச்சி முகவரியின் மேல் வட்டமாக ஒரு ரப்பர் முத்திரை. அந்தத் தொழிற்சாலையின் பெயர், நடுவில் இரண்டு வரி: "எதிரி நாட்டுப் பொருள். ஏற்கத் தடை."

பெட்டியில் இருந்த பேரிங் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. அதையெல்லாம் எடுத்துக்கொண்டு, இதை மட்டும் ஒதுக்கி, ஒழுங்காக முத்திரை குத்தி, ஆடாமல் தாளைத் திணித்து அனுப்பியிருந்தார்கள். சீ.

அவள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஆமாங்கய்யா ஒரு துண்டுத் தாளோடு வந்தார்.

"அக்கா, வாடிக்கையாளர்கிட்டருந்து புகார் வந்திருக்கு. மெழுகுத் தாள் ஓரத்துல பிரிஞ்சிருக்காம். ரொம்ப வருத்தப்படறாங்க. இனிமே ரெட்டை மடிப்பா மடிக்கணுமாம்."

"எந்த வாடிக்கையாளர்?"

அவர் டப்பாவைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். "இத நான் பாக்கலக்கா" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அன்றைக்கு அடுத்த சரக்குக்கு முத்திரை வைக்க அரக்கு அதிகாரி வந்திருந்தார். கூடத்தின் அந்தக் கோடியில் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியக்கா நேராகப் போய் டப்பாவை அவர் மேஜையில் வைத்தாள். அவர் முத்திரையைப் படித்தார். அவர் முகத்தில் பயம் வரும் என்று அவள் எதிர்பார்த்தாள். வந்தது திருப்தி.

"பரவாயில்லையே. அங்கயும் கண்டிப்பாத்தான் இருக்காங்க."

"பேரிங்க மட்டும் எடுத்துக்கிட்டாங்கங்க."

"எந்த பேரிங்?" என்று கேட்டார் அவர், ஒரு வாய் டீ குடித்துவிட்டு. "பேரிங் போனது சண்டையில சேராத நாட்டுக்கு. நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க. எதிரி ஊருக்குப் போனது உங்க டப்பா ஒண்ணுதான். அதுவும் திரும்பி வந்துடுச்சு. சட்டம் வேலை செஞ்சிருக்கும்மா. சந்தோஷப்படுங்க."

அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் கையெழுத்துக்குள் இருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு தன் மேஜைக்குத் திரும்பினாள்.

டப்பாவை முகவரி தெரியும்படி மேஜையில் வைத்தாள். கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடித்து ஏப்ரன் பையில் போட்டாள். பக்கத்து மேஜையிலிருந்து கடிகாரக்காரர் மனைவி பதறிப்போய், "அக்கா, கையுறை" என்றாள்.

பெட்டியக்கா உள்ளங்கையில் துப்பினாள். வாழ்க்கையில் முதல் தடவை. பல நாளாக வாயில் கசந்துகொண்டிருந்த அத்தனையையும் காறித் துப்பினாள். இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு முதல் பேரிங்கை எடுத்தாள். உள் வளையத்தில் கட்டைவிரலை அழுத்தி ஒரு சுற்றுச் சுற்றினாள். வெளி வளையத்தையும் அப்படியே. பிறகு எண்ணெயில் முக்கி, மெழுகுத் தாளில் வைத்து, வாடிக்கையாளர் கேட்டபடி ரெட்டை மடிப்பாக மடித்தாள். அடுத்ததை எடுத்தாள்.

கடிகாரக்காரர் மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டப்பாவின் மேலிருந்த முத்திரையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன் கையுறையின் விரல் நுனிகளைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினாள்.

சாயங்காலத்துக்குள் பெட்டிகள் நிறைந்துவிட்டன. அதிகாரி எதைத் திறக்கலாம் என்று கேட்டார், ஆமாங்கய்யா ஒன்றைக் காட்டினார். அதிகாரி மேலாக இருந்த ஒரு பொட்டலத்தைக் கையில் எடுத்து, மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த முறை ரொம்ப அழகா மடிச்சிருக்கீங்க" என்றார்.

"ஆமாங்க. புகார் வந்துச்சுல்ல" என்றாள் பெட்டியக்கா.

அவர் அரக்கை உருக்கி ஒவ்வொரு பெட்டியாக முத்திரை வைத்துக்கொண்டு போனார். அவள் ஏப்ரனை அவிழ்த்து மாட்டிவிட்டு, டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். வழியெல்லாம் மாத்திரைகள் உருண்டுகொண்டே வந்தன.